எங்கள் ஊர் டவுன் ஹால்: மூன்று முறை வாடகைக்கு எடுத்த அனுபவத்திலிருந்து

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையில், வெண்ணாற்றுப் பாசன வாய்க்கால் ஒன்றை ஒட்டி நிற்கும் எங்கள் ஊர் டவுன் ஹாலைப் பழுதுபார்த்துப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்து ஓராண்டு கடந்துவிட்டது. இந்த ஓராண்டில் அதை மூன்று முறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்: கார்த்திகையில் எங்கள் வாசகர் வட்டத்தின் புத்தகக் கண்காட்சிக்கு, தையில் ஒரு நாகசுரக் கச்சேரிக்கு, வைகாசியில் அண்ணன் மகளின் வளைகாப்புக்கு. மழை, பனி, வெயில் என்று மூன்று பருவத்திலும் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டதால், எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கும் நண்பர்களுக்குத் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கட்டடத்தைப் பழுதுபார்த்தவர்கள் தங்கள் வேலையை முழுதாகச் செய்திருக்கிறார்கள். அதைப் பலரும் பகிர்ந்து புழங்குவதற்கு ஏற்பாடு செய்தவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள் என்பது என் கணிப்பு.

டவுன் ஹால் என்றதும் கும்பகோணத்துப் போர்ட்டர் டவுன் ஹாலைப் போல ஆங்கிலேயர் காலத்துக் கட்டடம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் வாசலில் சற்றுத் திகைப்பார்கள். இது அறுபதுகளில் கட்டப்பட்டது. 1959இல் சென்னை மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் எழுந்த பிறகு, சிமெண்ட் கான்கிரீட்டில் எதையும் கட்டிவிடலாம் என்ற துணிச்சல் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்திருந்த காலம் அது. சிற்ப வேலை கிடையாது, விமானம் கிடையாது. நடுவில் தூணே இல்லாத கூடம், இரு பக்கமும் தாழ்வாரம், தெற்கிலும் வடக்கிலும் ஆளுயரத்துக்கு மேல் சிமெண்ட் ஜாலிச் சுவர், மொசைக் தரை, மேலே காகிதத்தை மடித்து மடித்து வைத்தாற்போன்ற கூரை. அந்தக் கூரையால் ஊரில் இதற்கு விசிறிக் கொட்டகை என்றே பெயர். ஒரு தாளை அப்படியே இரு முனையில் தாங்கிப் பிடித்தால் தொய்ந்துவிடும். அதையே விசிறி மடிப்பாக மடித்து வைத்தால் மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தாங்கும். நாலு அங்குலக் கனம்கூடத் தோன்றாத கான்கிரீட் தகடு இவ்வளவு அகலத்தைத் தூணின்றிக் கடப்பது அந்த மடிப்பின் பலத்தால்தான்.

இந்தப் பாணியில் வேலை செய்தவர்களுக்கு நம் பக்கத்து வெயிலைப் பற்றி நல்ல ஞானம் இருந்தது. புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆண்டனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய அந்தக் கட்டடத்தில் ஜன்னல் கண்ணாடியே இல்லாமல், திருப்பித் திறக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகளை வெளிச்சுவர் நெடுகவும் வைத்து, நீண்ட முகங்களை வடக்கிலும் தெற்கிலும் அமைத்து, காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தினார்கள். எங்கள் டவுன் ஹாலைக் கட்டியவர் அதைப் பார்த்திருந்தாரோ இல்லையோ, எண்ணம் அதே எண்ணம்தான். பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கெடுத்தார்கள். ஜாலிச் சுவர் வழியே புறா வருகிறது என்று தகரம் அடித்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று மடிப்புகளின் பள்ளத்தில் சாந்தைக் கொட்டி நிரப்பினார்கள். பக்கத் தாழ்வாரங்களின் தட்டையான தளத்தில் ஒரு தட்டோட்டுப் பூச்சுக்கு மேல் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அந்தப் பூச்சு 3 அங்குலக் கனத்துக்குச் சதுர அடிக்கு 12 கிலோவுக்குக் குறையாது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு நிகழ்ச்சிகள் நின்றன, தேர்தல் பெட்டிகள் வந்தன, கொள்முதல் காலத்தில் நெல் மூட்டைகள் வந்தன, கடைசியில் வடக்குப் பகுதி உரக் கிடங்காயிற்று.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது சுற்றுவட்டாரத்துத் தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன, கூரை வீடுகள் இருந்த தடம் தெரியாமல் போயின. ஏற்கெனவே பூட்டிக் கிடந்த இந்த மண்டபத்தின் பூட்டை உடைத்துத்தான் எங்கள் தெருக்காரர்கள் உள்ளே ஒதுங்கினார்கள். தகரம் பறந்தது, ஜாலி சில இடங்களில் உடைந்தது, விசிறிக் கூரை அசையவில்லை. ஆனாலும் அடுத்து வந்த பேச்சு இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டலாம் என்பதுதான். கான்கிரீட் கட்டடத்தைப் பழைமை என்று மதிக்கும் வழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. தில்லியில் 1972இல் திறக்கப்பட்டு, ராஜ் ரேவால் வடிவமைப்பிலும் மகேந்திர ராஜின் பொறியியலிலும் உருவான ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கான்கிரீட் கண்காட்சிக் கூடம், அறுபது வயது ஆகாததால் மரபுக் கட்டடமாகக் கருத முடியாது என்ற வாதத்தின் பேரில் 2017 ஏப்ரலில் ஒரே இரவில் தரைமட்டமானது. அதற்கே அந்த கதி என்னும்போது, வாய்க்கால் ஓரத்து விசிறிக் கொட்டகை தப்பியது பெரிய விஷயம்.

பழுதுபார்த்த வேலையை நான் அடிக்கடி போய் வேடிக்கை பார்த்தேன் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் ஒரு சிமெண்ட் மூட்டைகூட இறங்கவில்லை. இரண்டு பேர் சிறு சுத்தியலோடு ஒவ்வொரு தூணையும், கூரையின் ஒவ்வொரு மடிப்பையும் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பானையைத் தட்டி வாங்குகிற மாதிரி, கணீரென்று ஒலித்தால் நல்லது, பொத்தென்று ஒலித்தால் சாக்பீஸால் வட்டம். வட்டம் போட்ட இடத்தில் சிறிது உடைத்து, ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தார்கள். புதிதாக உடைபட்ட கான்கிரீட்டில் காரத்தன்மை இருந்தால் அது ரோஜா நிறத்துக்கு மாறும். இல்லாவிட்டால் நிறமே வராது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிடாமல் காக்கிறது. ஆண்டுக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறைந்துகொண்டே போகும். காரம் இழந்த பகுதி கம்பியைத் தொட்ட பிறகு கொஞ்சம் ஈரம் போதும், துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் என்பதால் மேலே உள்ள சிமெண்டைப் பிளந்து தள்ளும். நம் வீடுகளில் சன்ஷேடுக்கு அடியில் கம்பி தெரிய உதிர்வதும் இதே வியாதிதான். அதற்கு மேலே பூச்சு மட்டும் பூசிப் பெயிண்ட் அடிப்பது புண்ணை மூடித் துணி கட்டுவது போன்றது என்பதை இந்த வேலையைப் பார்த்த பிறகுதான் நானும் தெரிந்துகொண்டேன். அதுவரை என் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

வடக்குப் பகுதியில் மட்டும் கதை வேறு. அங்கே தெளித்த இடங்களில் ரோஜா நிறம் நன்றாகவே வந்தது, ஆனாலும் தூண்களின் கால்மாட்டில் கம்பி பாதியாகக் கரைந்திருந்தது. காரணம், அங்கே அடுக்கியிருந்த பொட்டாஷ் மூட்டைகள். நாம் பொட்டாஷ் என்று வாங்கும் உரம் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் ஊறிவிட்டால், காரம் குறையாமல் இருந்தாலும் கம்பியின் காப்புப் படலத்தை அரித்துவிடும். வயலுக்கு வாங்கிய உரம் தூணைத் தின்றிருந்தது. ஆகவே அந்த ஆறு தூண்களிலும் உப்பேறிய கான்கிரீட்டை இடுப்புயரம்வரை செதுக்கி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அரித்துப்போன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, சுற்றிலும் புதுக் கான்கிரீட் சட்டை போட்டார்கள். அதனால் அந்தத் தூண்கள் கீழே பருத்தும் மேலே மெலிந்தும், வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் வரிசையாக நிற்பது போலத் தெரிகின்றன. மேலேயும் பூசிச் சமமாக்கியிருக்கலாமே என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எந்த இடத்தில் நோய் இருந்தது, எந்த அளவுக்கு வெட்டினார்கள் என்பது தூணிலேயே தெரிகிறது.

மொசைக் தரையிலும் இதே நேர்மைதான். உடைந்த கட்டங்களை மட்டும் பெயர்த்து, பழைய கண்ணாடிப் பட்டைகளைக் காப்பாற்றி, அதற்குள் புதிய சில்லுகளைக் கொட்டித் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். பழைய சில்லில் இருந்த மங்கிய பச்சை இன்று கிடைக்காததால் ஒட்டுப்போட்டது தெரியத்தான் செய்கிறது. டைல்ஸ் போட்டு மூடாமல் விட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். கூரையின் பள்ளங்களில் நிரப்பியிருந்த சாந்து முழுவதையும் சுரண்டி எடுத்து, நீர் வடியும் சரிவை மீட்டு, வெள்ளைப் பூச்சு பூசியிருக்கிறார்கள். உடைந்த ஜாலிகளுக்குப் பழைய துண்டு ஒன்றை மாதிரியாக வைத்து மர அச்சு செய்து வார்த்திருக்கிறார்கள். உட்புறம் வலை அடித்திருப்பதால் புறாத் தொல்லை இல்லை.

இனி, வாடகைக்கு எடுப்பவருக்குப் பயன்படும் விவரங்கள். கூடத்தில் ஏ.சி. கிடையாது என்பதைக் கேட்டவுடனே பாதிப் பேர் வேறு மண்டபம் பார்க்கப் போய்விடுகிறார்கள். வளைகாப்பு வைகாசி வெயிலில் என்பதால் எங்கள் வீட்டிலும் பெரிய வாக்குவாதம். காலையில் நான் போய் நீளக் கம்பிகளில் தொங்கும் பழைய மின்விசிறிகள் அத்தனையையும் போடச் சொன்னபோது, மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தடுத்தார். "இப்ப எல்லாத்தையும் போடாதீங்கய்யா. கிழக்கு வாசலையும் மேலே முக்கோண ஜன்னலையும் திறந்துவிட்டுடுறேன், அரை மணி பாருங்க" என்றார். மடிப்புகளின் முனையில் இருக்கும் அந்த முக்கோணத் திறப்புகள் வழியே சூடான காற்று மேலேறி வெளியேற, ஜாலி வழியே வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பத்தரை மணிக்கு வளையல் அடுக்கும்போது யாரும் முந்தானையால் விசிறிக்கொள்ளவில்லை. பகல் ஒன்றரையிலிருந்து மூன்றரைவரை புழுக்கம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அந்த நேரத்தில் எல்லா விசிறியும் ஓடியது, போதவில்லை. நாலு மணிக்குமேல் கடற்காற்று வந்ததும் சரியாயிற்று. மதியப் பந்தி பெரிதாக உள்ளவர்கள் சித்திரை, வைகாசியைத் தவிர்ப்பது நல்லது.

கார்த்திகைப் புத்தகக் கண்காட்சியில் பாடம் வேறுவிதமாகக் கிடைத்தது. வடகிழக்குப் பருவமழை காற்றோடு அடித்தால் வடக்கு ஜாலி வழியே சாரல் ஆறேழு அடி தூரம் உள்ளே வரும். அதற்காகவே சுவரை ஒட்டித் தரையில் சிறு வடிகால் வெட்டியிருக்கிறார்கள், தண்ணீர் தேங்குவதில்லை. ஆனால் புத்தக மேசைகளைச் சுவரோரம் போட்ட எங்களுக்கு அது யார் மூலமும் சொல்லப்படவில்லை. இரண்டு கட்டுப் புத்தகம் நனைந்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மழை மாதங்களில் எடுப்பவர்கள் மேசை, ஒலிபெருக்கி, சாப்பாட்டு வரிசை எல்லாவற்றையும் தெற்குப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசை விஷயத்தில்தான் எனக்கு அதிகப் பயம் இருந்தது. கான்கிரீட் கூடத்தில் நாகசுரமும் தவிலும் வைத்தால் காது என்னாவது? வீதியிலும் பிரகாரத்திலும் ஊதுவதற்கென்று பிறந்த வாத்தியம் அது. திமிரி என்ற பழைய குட்டை நாகசுரத்தைவிட நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பரவலாக்கிய பிறகுதான் கச்சேரி மேடைக்கு ஓரளவு இசைந்து வந்தது. எங்கள் கச்சேரியில் வாசித்தவர் வைத்திருந்தது, 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டைப் பாரி. பின்சுவர் முழுவதும் தென்னைநார்ப் பலகை அடித்திருப்பதால் கைதட்டினால் முன்பு கேட்ட எதிரொலி இப்போது இல்லை. ஜாலிச் சுவர்கள் ஓசையில் கணிசமான பகுதியை வெளியே விட்டுவிடுகின்றன. ஆனாலும் ஆள் நிறைந்த கூடமும் ஆள் இல்லாத கூடமும் ஒன்றல்ல, மனித உடம்பும் உடுத்தியிருக்கும் துணியும் ஓசையை விழுங்கும். மாலை ஐந்தரைக்கு நாற்பது பேர் இருந்தபோது தவில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஏழு மணிக்கு இருநூறு பேர் சேர்ந்த பிறகு, கல்யாணி ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்திய இடத்தில் அது நின்று, தேய்ந்து, அடுத்த ஸ்வரத்துக்கு வழிவிட்டது கடைசி வரிசைவரை கேட்டது. மைக் செட் வைத்தவர் நாலு பெரிய பெட்டிகளை இறக்கியிருந்தார். அவரிடம் மன்றாடி மூன்றைத் திருப்பி ஏற்றச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். பேச்சு நிகழ்ச்சி வைப்பவர்கள், கூட்டம் நூறுக்குள் என்றால், நடுவில் உள்ள மர மடக்குத் தடுப்பை இழுத்து மூடி முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் வாடகையும் குறையும், காதும் பிழைக்கும்.

சமையலுக்கு இடம் இல்லை. பரிமாற மட்டும் அனுமதி. எண்ணெய்ப் புகை ஏறாமலிருக்க இது நல்ல முடிவு. ஆனால் பரிமாற அனுமதித்தவர்கள் கை கழுவ நாலே நாலு குழாய் வைத்தது என்ன கணக்கு என்று புரியவில்லை. நூற்றைம்பது பேர் சாம்பார்க் கையோடு வரிசையில் நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எச்சில் இலை போட ஒதுக்கிய தொட்டி வாய்க்கால் பக்கமே இருப்பதும் சரியில்லை, காற்றடித்தால் இலை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

சாய்தளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பல விதிநூல்களிலும் இருக்கும் அளவு. தாழ்வாரத் தரை மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரம். ஆகவே 18 அடி வேண்டும். நான் டேப் வைத்து அளந்தேன்: பத்தடி. எங்கள் பெரியத்தையை இரண்டு பிள்ளைகள் பின்னாலிருந்து தள்ள, ஒருவர் முன்னாலிருந்து பிடிக்க வேண்டியிருந்தது. "என்னைத் தேர் மாதிரி இழுக்குறீங்களேடா" என்று அவர் சிரித்தார். இடம் இல்லாமல் சுருக்கியதாகவும் தெரியவில்லை, பக்கத்தில் செம்பருத்திப் பாத்திக்கு விட்ட இடமே இருபது அடி இருக்கிறது.

பகிர்ந்து பயன்படுத்துவது என்ற பெரிய எண்ணம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், வாரநாள் காலையில் போய்ப் பார்க்கச் சொல்வேன். வடக்குப் பகுதியில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் தைக்கிறார்கள். தெற்குத் தாழ்வாரத்தில் பெரியவர்கள் நாளிதழ் படிக்கிறார்கள். மாடிப் படிப்பறையில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். ஒரே கூரையின் கீழ் இத்தனை பேர் புழங்குவது கண்ணுக்கு நிறைவாகவே இருக்கிறது. ஆனால் இவர்களில் ஒருவருக்கும் பொருள் வைக்க அலமாரி இல்லை. தையல் இயந்திரங்களை மாலையில் மூடி எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? வடக்கு வெளிவாசலுக்கு முன்னால். கூடத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது அவசரத்துக்கு வெளியேற வேண்டிய வழிகளில் ஒன்று அது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பகுதி நம்முடையது. கச்சேரி அன்று நானும் நண்பர்களும் ஏழு இயந்திரங்களையும் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுத்தான் வாசலைத் திறந்தோம். தைக்கும் பெண்களைக் குறை சொல்வதற்கில்லை, ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் காரியம். மேடைக்குப் பின்னால் அப்படி ஓர் அறை இருக்கத்தான் செய்கிறது. அதில் பழைய நாற்காலிகளும் திறப்பு விழாப் பதாகையும் கிடக்கின்றன. கச்சேரி நேரத்தில் மாடியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகத்தை மூடிக்கொண்டு இறங்கி வந்ததற்கு நான்தான் மன்னிப்புக் கேட்டேன். எந்த நாளில் என்ன நிகழ்ச்சி என்று எழுதிப்போட வாசலில் ஒரு கரும்பலகைகூட இல்லை.

பதிவு செய்யும் முறைதான் எல்லாவற்றிலும் மோசம். கார்த்திகைக் கண்காட்சிக்கு நாங்கள் முதலில் வாங்கியிருந்த தேதி வேறு. முன்பணம் கட்டி, ரசீதும் வாங்கி, அழைப்பிதழும் அச்சடித்தாகிவிட்டது. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசி: நாளை அலுவல் கூட்டம் ஒன்று வந்துவிட்டது, நீங்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் போய்க் கேட்டபோது பதிவு நோட்டைத் திறந்து காட்டினார்கள். எங்கள் வட்டத்தின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருந்த இடத்தை ரப்பரால் அழித்து, அந்த அலுவல் கூட்டத்தைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். அழித்த தடம் நன்றாகவே தெரிந்தது. முன்பணத்தை அடுத்த தேதிக்கு மாற்றித் தர இரண்டு மாதம் நடக்க வேண்டியிருந்தது. கணினியில் பதிவு வரப்போகிறது என்று அப்போது சொன்னார்கள். வைகாசியிலும் அதே நோட்டுதான், அட்டை மட்டும் புதியது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆவணியில் எங்கள் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அதையேதான் கேட்டிருக்கிறேன். தனியார் திருமண மண்டபத்தில் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான் இங்கே வாடகை. அங்கே கிடைக்கும் ஜெனரேட்டர் இரைச்சல் இங்கே இல்லை. மின்சாரம் போனாலும் பகலில் ஜாலி வழியே வரும் வெளிச்சத்தில் பின்வரிசையிலிருந்தே புத்தகம் படிக்கலாம். முன்பாதி மட்டும் போதும் என்றால் ஞாயிற்றுக்கிழமைகூட எளிதாகக் கிடைக்கிறது. முன்பணம் கட்டியதும் ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நோட்டை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, உங்கள் பெயரைப் பேனாவால்தான் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த முறை நான் என் பேனாவைத்தான் கொடுத்தேன்.